தேனீக்கள் குடி பிரிதலும் அதனை ஆளும் முறையும்

உயிரினங்கள் யாவும் தம் இனத்தைப் பெருக்கிக் கொள்கின்றன என்பது விலங்கியலின் முதற்பாடம். தேனீயைப் பற்றிப் படிக்கும்பொழுது இப்பாடத்தைச் சற்று மாற்றிப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒரு கூட்டில் இராணித் தேனீ நாள்தோறும் சில நூறு முட்டைகளை இடுகிறது. அவற்றிலிருந்து ஆயிரக்கணக்கான பணித் தேனீக்கள் வெளிவருகின்றன. ஆயினும் அதனால் கூடு பெருக்கிறதே தவிர, கூடுகளின் எண்ணிக்கை பெருகுவதில்லை. ஒரு குடி இரண்டு குடியானால்தான் தேனீ இனம் பெருகியதாகும். அவ்வாறு ஒரு குடி தானே இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி வேறிடம் தேடிப் போவதையே குடி பிரிதல் என்கிறோம். ஆகவே இது நோயன்று. வளர்ப்பவரின் மீது தேனீக்களுக்கு ஏற்பட்ட வெறுப்பும் அன்று. வலுவும் வளமும் நிறைந்த குடியே பிரிகிறது.

தேனீயின் கணக்கில் இது பெருக்கம். வளர்ப்பவர் கணக்கில் இழப்பு. மரங்கள் பூக்கத் தொடங்கும் சமயத்தில் பெட்டியில் இருந்தவற்றுள் பாதியோ அதற்கு மேலோ பழைய இராணியுடன் வெளியேறிவிடுகின்றன. போகும்போது வயிறு நிறையத் தேனையும் குடித்துக்கொண்டு போகின்றன. மிச்சமிருக்கும் சிறு கூட்டம் புது இராணியை வளர்த்து, அது முட்டையிட்டு, அம்முட்டைகள் தேனீக்களாகித் தேன் கொணரத் தொடங்குவதற்குள் பூக்காலம் கடந்துவிடும். இரண்டு பெட்டிகளைக் கொல்லைப்புறத்தில் வைத்துக்கொண்டு ஏதோ கைச்செலவுக்கு ஆகுமென்று நம்பியிருக்கும் குடும்பத்திற்கு அந்த ஆண்டின் தேன் அத்தோடு போயிற்று.

இவ்விழப்பு நம் தஞ்சைப் பகுதியில் ஏனைய இடங்களைவிடக் கூடுதலாக உறைக்கும். காவிரிப் படுகை பச்சைப் பசேலென்று இருக்கிறதே, தேனீக்கு என்ன குறை என்று கேட்கத் தோன்றும். நெற்பயிரில் தேன் சுரப்பதில்லை. நெற்பூ முற்பகலில் சிறிது நேரம் திறந்து, தன் மகரந்தத்தாலேயே பெரும்பாலும் கருவுற்று மூடிக்கொள்கிறது. தேனீக்கள் சில வேளைகளில் அதன் மகரந்தத்தைத் திரட்டுவது உண்டு என்றாலும், மகரந்தம் புழுக்களுக்கு உணவாகுமேயன்றித் தேனாகாது. கண்ணுக்கு எட்டிய தூரம் குறுவையும் சம்பாவும் நிற்கும் வயல்வெளி நமக்கு வளம், தேனீக்குப் பட்டினி.

நம் பகுதியில் தேனீயைக் காப்பாற்றுவன வயல்கள் அல்ல. வாய்க்கால் கரைகளும் கொல்லைகளும் தோப்புகளுமே. தென்னை ஆண்டு முழுதும் பாளை விடுகிறது. மார்கழி, தை மாதங்களில் இலவம் பூக்கிறது. தொடர்ந்து முருங்கை. சம்பா அறுத்த பிறகு எள் விதைத்த நிலங்களில் பங்குனியளவில் எள்ளுப் பூ. பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கமும். அவற்றின் பின்னே புளி. திருவையாற்றுப் பக்கத்து வாழைத் தோட்டங்களையும் மறந்துவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே செல்ல முடியாமல் இருப்பைத் தின்று மெலிந்து கிடந்த குடி, தை பிறந்ததும் இப்பூக்களைக் கண்டு மளமளவென்று பெருகுகிறது. பெருகிய வேகத்திலேயே பிரியவும் முனைகிறது. எனவே நமக்குத் தேன் கிடைக்கும் காலமும் குடி பிரியும் காலமும் ஏறத்தாழ ஒன்றே. இங்கேதான் சிக்கல் இருக்கிறது. (2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் சாய்ந்தபோது உழவர்க்கு நேர்ந்த இழப்பைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். தேனீக்கு நேர்ந்த இழப்பைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே.)

நாம் இங்குப் பேசுவது இந்தியத் தேனீயைப் பற்றி. மரப்பொந்திலும் சுவரிடுக்கிலும் இருட்டில் அடுக்கடுக்காக அடை கட்டுவதால் இதனைப் பெட்டியில் வைத்து வளர்க்க முடிகிறது. உயர்ந்த மரங்களிலும் கோயில் கோபுரங்களிலும் ஒற்றைப் பேரடை கட்டும் மலைத் தேனீயோ, புதரில் சிற்றடை கட்டும் கொம்புத் தேனீயோ பெட்டிக்குள் அடங்குவதில்லை.

பெட்டி முறைக்கும் நம் காவிரிக் கரைக்கும் ஓர் உறவு உண்டு. அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் 1851இல், அடைகளுக்கிடையே தேனீக்கள் நடமாடுவதற்கென்று ஒரு குறிப்பிட்ட அளவு இடைவெளியை விட்டால் அதனை அவை மெழுகால் அடைப்பதில்லை என்பதைக் கண்டு, எடுத்துப் பார்த்து மீண்டும் வைக்கக்கூடிய சட்டங்கள் கொண்ட பெட்டியை அமைத்தார். அப்பெட்டி ஐரோப்பியத் தேனீக்கு ஏற்றது. நம் தேனீ உருவில் சிறியது, குடியும் சிறியது. அதற்கேற்ற சிறு பெட்டியை வடிவமைத்தவர் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியைச் சேர்ந்த நியூட்டன் பாதிரியார். 1911 முதல் 1917 வரை அவர் சிற்றூர் மக்கள் பலருக்குத் தேனீ வளர்ப்பில் பயிற்சி அளித்தார். நியூட்டன் பெட்டி என்ற பெயரில் அது இன்றும் தென்னாட்டில் வழங்கி வருகிறது. ஒரு கல்லூரியின் ஆசிரியர் செய்த வேலை கொல்லைப்புறம் வரை போய்ச் சேர்ந்தது என்பது நம் போன்றோர் எண்ணிப் பார்க்கத் தக்கது.

நியூட்டன் பெட்டியின் கீழ்த்தளம் புழு அறை. அதில் 7 சட்டங்கள். அதன்மேல் உயரம் குறைந்த தேன் அறை. மெலிந்த குடிக்கு இச்சிறு பெட்டி வெதுவெதுப்பாக, காப்பாக இருக்கும். ஆனால் தை மாதத்தில் அதே சிறுமை குறையாகிவிடுகிறது. ஏழு சட்டங்களும் முட்டை, புழு, மகரந்தம் என்று நிறைந்துவிட்டால் இராணிக்கு முட்டையிட இடம் இல்லை. இளந்தேனீக்களுக்கு நிற்கவும் இடம் இல்லை. நெருக்கடியே குடி பிரிதலின் முதற்காரணம்.

நெருக்கடி மட்டும் எப்படிப் பிரிவினையைத் தூண்டுகிறது? இதற்கு விடை 1950களில் இங்கிலாந்தில் பட்லர் என்பார் நடத்திய ஆய்வுகளில் கிடைத்தது. இராணியின் உடலில் ஒருவகைப் பொருள் சுரக்கிறது. பணித் தேனீக்கள் இராணியை நக்கும்போது அது அவற்றிடம் சேர்ந்து, வாய்க்கு வாய், உடலுக்கு உடல் பரவிக் கூடு முழுதும் செல்கிறது. அது தட்டின்றிக் கிடைக்கும்வரை, இராணி நலமாக இருக்கிறது என்று குடி அமைதி கொள்கிறது. புது இராணியை வளர்க்க முற்படுவதில்லை. கூட்டம் பெருகிப் பெட்டி நெருங்கும்போது ஒவ்வொரு தேனீக்கும் கிடைக்கும் பங்கு குறைகிறது. இராணி முதுமையடைந்தாலோ சுரப்பே குறைகிறது. உடனே இராணி அறைகள் எழும்புகின்றன. கூட்டுக் குடும்பத்தில் பெரியவரின் குரல் கடைசி அறை வரை எட்டாமற்போகும்போது பாகப்பிரிவினைப் பேச்சு எழுவதைப் போன்றது இது.

பிரிவினைக்கு முன் தோன்றும் அறிகுறிகளை வளர்ப்பவர் அறிந்திருத்தல் வேண்டும். முதலில் ஆண் தேனீ அறைகள் மிகும். இந்தியத் தேனீயில் ஆண் அறையின் மூடி சற்றே உயர்ந்து, நடுவில் ஊசியால் குத்தினாற்போன்ற ஒரு துளையுடன் இருக்கும்; ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். அடுத்து, அடைகளின் கீழ் விளிம்பில் கவிழ்த்த கிண்ணம் போன்ற சிறு குழிகள் கட்டப்படும். அவை வெறுமையாக இருக்கும்வரை கவலையில்லை. உள்ளே முட்டையோ, பால் போன்ற அரசக் கூழில் மிதக்கும் புழுவோ காணப்பட்டால் குடி முடிவெடுத்துவிட்டது என்று பொருள். அதன்பின் இராணிக்கு ஊட்டம் குறைக்கப்படும். அது மெலிந்து, முட்டையிடுவது குறைந்து, பறப்பதற்குத் தயாராகும். வாயிலருகே தேனீக்கள் வேலையின்றிக் கொத்தாகத் தொங்கும்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. இராணி அறையில் முட்டை இடப்பட்ட மூன்றாம் நாள் புழு வெளிவரும். அதிலிருந்து ஐந்து நாளில், அதாவது ஏறத்தாழ எட்டாம் நாளில், அறை மெழுகால் மூடப்படும். முதல் அறை மூடப்பட்டவுடன், வானம் வெளுத்திருந்தால், பழைய இராணி கூட்டத்துடன் புறப்பட்டுவிடும். முட்டையிலிருந்து 15 அல்லது 16 நாளில் புது இராணி வெளிவரும். ஆகவே 7 நாளுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பவரைக் குடி ஏமாற்ற முடியாது. 10 நாளுக்கு ஒருமுறை பார்ப்பவர் இரண்டு ஆய்வுகளுக்கிடையே குடியை இழக்கக்கூடும். வாரம் ஒருமுறை என்று நூல்கள் கூறுவது வெறும் வழக்கம் அன்று. சட்டத்தைத் தூக்கி மேலோட்டமாகப் பார்த்தால் போதாது. தேனீக்கள் கொத்தாக மறைத்திருக்கும் விளிம்புகளில் அவற்றை மெல்ல ஊதி விலக்கிப் பார்க்க வேண்டும்.

இராணி அறையைக் கண்டதும் கிள்ளி எறிந்துவிடுவதே பலர் கையாளும் முறை. இது பாதி அறிவு. எல்லா இராணி அறைகளும் பிரிவினைக்காகக் கட்டப்படுவன அல்ல. கீழ் விளிம்பில் பல அறைகள் வரிசையாக இருந்தால் அது பிரிவினைக்கு. ஒன்றிரண்டு மட்டும் இருந்து, இராணி கிழடாகவோ ஊனமாகவோ இருந்தால், அது இராணியை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. அதனை அழித்தால் குடியின் எதிர்காலத்தையே அழித்தவராவோம். அடையின் நடுவே, சாதாரணப் பணித் தேனீ அறையை நீட்டிக் கட்டியிருந்தால், இராணி திடீரென்று இறந்துவிட்டது என்பதன் அடையாளம், அதனையும் தொடலாகாது. இவற்றைவிடப் பெரிய இடர் ஒன்றுண்டு. பழைய இராணி முந்தின நாளே போய்விட்டது தெரியாமல், மிச்சமிருக்கும் அறைகள் அனைத்தையும் கிள்ளிவிட்டால், இராணியும் இல்லை, இராணியாகத் தக்க இளம் புழுவும் சில நாளில் இல்லை என்ற நிலை வரும். எனவே புது முட்டைகளை, அதாவது அறையின் அடியில் நெட்டாக நிற்கும் முட்டைகளை, கண்ணால் கண்ட பிறகே எந்த அறையிலும் கை வைக்க வேண்டும். மேலும், கிள்ளுவதால் பிரியும் உணர்ச்சி தணிவதில்லை. அடுத்த நாளே புதிய அறைகளைக் கட்டத் தொடங்கும்.

நெருக்கடியை முன்கூட்டியே தளர்த்துவதுதான் உண்மையான தடுப்பு. தை முதல் வாரத்திலேயே தேன் அறையை ஏற்றி வைத்தல், கறுத்துக் கெட்டிப்பட்ட பழைய அடைகளை நீக்கிப் புது அடை கட்ட இடங்கொடுத்தல், வெயில் நேரே படாமல் நிழலில் வைத்தல் ஆகியன எளியவை. வலுத்த பெட்டியிலிருந்து மூடிய புழுக்கள் நிறைந்த ஒரு சட்டத்தை எடுத்து, தேனீக்களை உதறிவிட்டு, மெலிந்த பெட்டிக்குக் கொடுப்பது மேலும் சிறந்தது. இங்கே நெருக்கம் குறையும், அங்கே வலிமை கூடும். இளம் இராணியுள்ள குடி பிரிவது குறைவு. ஆதலால் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இராணியைப் புதுப்பிப்பவர்க்குத் தொல்லை குறையும்.

இத்தனைக்குப் பின்னும் சில குடிகள் பிரிந்தே தீரும். அவற்றோடு மல்லுக்கு நிற்பதைவிட, அவை செய்ய நினைத்ததை நாமே செய்துவிடுவது நன்று. இதனைச் செயற்கைப் பிரிவினை என்பர். என் கருத்தில், பூக்காலம் குறுகிய நம் நெல் நாட்டுக்கு ஏற்ற முறை இதுவே. ஏனெனில் இதில் தேனீக்கள் ஒன்றும் ஊரைவிட்டுப் போவதில்லை.

அதன் முறை வருமாறு. இராணி அறைகள் மூடப்பட்டோ மூடும் தறுவாயிலோ உள்ள வலுத்த குடியைத் தேர்ந்துகொள்க. பழைய இராணியைத் தேடிக் கண்டு, அது நிற்கும் சட்டத்தோடு, புழுவும் மகரந்தமும் தேனும் உள்ள வேறு இரண்டு சட்டங்களையும் தேனீக்களுடன் புதுப் பெட்டிக்கு மாற்றுக. அச்சட்டங்களில் இராணி அறை ஒன்றுகூட இருக்கலாகாது. பழைய பெட்டியில் நல்ல வளர்ச்சியுள்ள ஓர் இராணி அறையை, மிஞ்சினால் இரண்டை, விட்டுவிட்டு மற்றவற்றை நீக்குக. பல அறைகளை விட்டுவைத்தால், முதலில் வெளிவரும் கன்னி இராணியும் ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு புறப்படும். முதற்பிரிவு முடிந்த ஏழெட்டு நாளில் இரண்டாம் பிரிவு, பின்னும் ஒன்று என்று குடி கரைந்தே போகும்.

அடுத்தது பெட்டியை வைக்கும் இடம். வெளியே மேயச் சென்ற தேனீக்கள் தம் பெட்டியை அடையாளம் காண்பதைவிட அது இருந்த இடத்தையே அடையாளம் காண்கின்றன. ஆகையால் புதுப் பெட்டியை எங்கோ மூலையில் வைத்துவிட்டால், மேய்ச்சல் தேனீக்கள் யாவும் பழைய இடத்திற்கே திரும்பி, ஒரு பெட்டி கொழுக்கும், மற்றது வற்றும். இதற்கு எளிய வழி, பழைய பெட்டி இருந்த இடத்தைக் காலியாக விட்டு, அதன் இடப்புறம் அரை முழத்தில் ஒன்றும் வலப்புறம் அரை முழத்தில் மற்றொன்றுமாக, ஒரே உயரத்தில், வாயில் ஒரே திசை நோக்க இரு பெட்டிகளையும் வைப்பது. திரும்பி வரும் தேனீக்கள் நடுவில் வந்து திகைத்து, இருபுறமும் பங்காகப் போய்ச் சேரும். எந்தப் பக்கம் கூட்டம் மிகுகிறதோ அந்தப் பெட்டியைச் சற்று விலக்கி வைத்தால் கணக்குச் சரியாகும். பிறகு நாளுக்குச் சிறிது சிறிதாக இரண்டையும் தள்ளிக்கொண்டே போகலாம். இரு பெட்டிக்கும் சில நாட்கள் சர்க்கரைப் பாகு ஊட்டுதல் நலம்.

புது இராணி வெளிவந்த சில நாளில், பிற்பகல் வேளையில் வானில் பறந்து ஆண் தேனீக்களுடன் கூடித் திரும்பும். இந்நாட்களில் பெட்டியைத் திறந்து கிளறக்கூடாது. கரிச்சானும் பஞ்சுருட்டானும் மின்கம்பியில் உட்கார்ந்து தேனீ பிடிக்கும் இடமாயின், திரும்பி வரும் இராணி அவற்றின் வாய்க்கு இரையாகவும் கூடும். இராணி வெளிவந்து இரண்டு வாரம் கழித்துத் திறந்து, முட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில் பழைய இராணியுள்ள பெட்டியிலிருந்து இளம் புழுவும் முட்டையும் உள்ள ஒரு சட்டத்தைக் கொடுத்தால் மீண்டும் ஓர் இராணியை வளர்த்துக்கொள்ளும்.

இத்தனையையும் மீறிக் குடி வெளியேறிவிட்டால் என்ன செய்வது? புறப்பட்ட கூட்டம் நேரே தொலைவிடம் போய்விடுவதில்லை. அருகிலுள்ள கிளையிலோ வேலியிலோ கொத்தாகத் தொங்கும். அவ்வாறு தொங்கும்போதுதான் அடுத்த வீட்டைத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனை நடக்கிறது. இதனைக் கண்டறிந்த வரலாறு சுவையானது. தேனீக்களின் நடன மொழியை விளக்கி 1973இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற கார்ல் வான் பிரிஷின் மாணவர் மார்ட்டின் லிண்டவர். போர் முடிந்து சில ஆண்டுகளே ஆன மியூனிக் நகரில், 1949இல், ஒரு தேனீக் கொத்தின்மீது சில தேனீக்கள் ஆடக் கண்டார். அவற்றின் உடலில் மகரந்தம் இல்லை. சில கரிப்பொடி படிந்து கறுத்திருந்தன, சில செங்கற்பொடியால் சிவந்திருந்தன. அவை பூவுக்குப் போய் வந்தவை அல்ல, இடிபாடுகளிலும் புகைபோக்கிகளிலும் வீடு தேடி வந்தவை என்று அவர் உய்த்துணர்ந்தார். ஒவ்வொரு தூதுத் தேனீயும் தான் கண்ட இடத்தை ஆடிக் காட்டும். நல்ல இடத்திற்கு நெடுநேரம், சுமாரான இடத்திற்குச் சிறிது நேரம். முடிவில் ஓரிடம் வெல்லும். பின்னாளில் அமெரிக்கரான தாமஸ் சீலி இதனைத் தொடர்ந்து ஆராய்ந்து, ஓரிடத்தில் போதிய எண்ணிக்கையில் தூதர்கள் ஒருசேரக் கூடியதும் முடிவு உறுதியாகிறது என்று காட்டினார். நம் ஊர்க் கூட்டங்களைவிட இது ஒழுங்காக நடப்பதாகவே தோன்றுகிறது.

அந்த ஆலோசனை முடிவதற்குள்தான் நமக்கு நேரம். சில நிமிடங்களும் இருக்கலாம், ஒரு பகலும் இருக்கலாம். கொத்தாகத் தொங்கும் தேனீக்கள் காக்கவேண்டிய புழுவோ தேனடையோ அற்றவை, வயிறு நிறைந்தவை. சீண்டாதவரை அவை கொட்டுவது அரிது. இதனை அறியாமல் தீப்பந்தம் காட்டுவதும் பூச்சிமருந்து அடிப்பதும் ஊர்களில் இன்றும் நடக்கின்றன. செய்யவேண்டியது மிக எளிது. நீரை மெல்லத் தெளித்தால் கொத்து இறுகும். மூங்கிற்கூடையைக் கொத்தின்மேல் கவிழ்த்துப் பிடித்து, கீழிருந்து சிறிது புகை காட்டினால் தேனீக்கள் மேல்நோக்கி ஏறிக் கூடைக்குள் அடையும். மெல்லிய துணியால் மூடி நிழலில் வைத்து, மாலை மயங்கியபின் பெட்டியில் விடவேண்டும். வேறு பெட்டியிலிருந்து இளம் புழுக்கள் உள்ள ஒரு சட்டத்தை அதில் வைத்துவிட்டால், புழுவை விட்டுவிட்டு அக்கூட்டம் எளிதில் போகாது. மரப்பொந்திலிருந்து எடுப்பதாயின் அடைகளை அறுத்துச் சட்டத்தில் பொருத்தி வாழைநாரால் கட்ட வேண்டும். சில நாளில் தேனீக்கள் மெழுகால் ஒட்டிக்கொண்டு நாரைத் தாமே கடித்து வெளியே தள்ளிவிடும்.

பிடித்த குடியை உடனே மற்றப் பெட்டிகளின் நடுவே வைத்தல் ஆகாது. 1991, 1992 ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் தென்னிந்தியாவில் பரவி, இந்தியத் தேனீக் குடிகளில் மிகப் பெரும்பகுதியை அழித்தது. தேன் தொழிலுக்குப் பேர்போன மார்த்தாண்டம் பகுதியே நிலைகுலைந்தது. அந்நோயில் புழுக்கள் மூடப்படுமுன் நீர்ப்பை போலாகி இறக்கும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கூட்டத்தைத் தனியே வைத்து, அதன் முதல் ஈட்டுப் புழுக்கள் நலமாக வளர்வதைக் கண்ட பிறகே சேர்க்க வேண்டும்.

இறுதியாக ஒரு குழப்பத்தை நீக்கவேண்டும். பெட்டி வெறுமையாகிக் கிடப்பதெல்லாம் குடி பிரிதல் அன்று. இந்தியத் தேனீக்குக் கூட்டை அடியோடு விட்டு ஓடிப்போகும் இயல்பும் உண்டு. குடி பிரிதல் செழிப்பால் வருவது. ஓடிப்போதல் வறுமையாலோ தொல்லையாலோ வருவது. முன்னதில் பாதிக் கூட்டமும் இராணி அறைகளும் மிஞ்சும். பின்னதில் ஒன்றும் மிஞ்சாது; வெற்றடையில் மெழுகுப் பூச்சியின் புழுக்கள் நூல் பின்னியிருக்கும். நம் பகுதியில் இது மழைக்காலத்திலும், பூவற்ற மாதங்களிலும் நேர்வது. இதற்கு இராணி அறையைக் கிள்ளுவதால் பயனில்லை. பாகு ஊட்டுதல், தேனீ போர்த்தாத மிகையடைகளை எடுத்துவிடுதல், பெட்டிக் காலடியில் நீர்க்கிண்ணம் வைத்து எறும்பைத் தடுத்தல், அடிக்கடி திறக்காதிருத்தல் ஆகியனவே மருந்து.

தையில் பிரித்த இரு குடிகளுள் ஒன்று புரட்டாசியிலும் மெலிந்தே இருக்குமானால், ஐப்பசி மழைக்குமுன் இரண்டையும் மீண்டும் ஒன்றாக்கிவிடுவதே அறிவுடைமை. மெலிந்த குடியின் இராணியை நீக்கி, வலுத்த பெட்டியின்மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, ஊசியால் சில துளைகள் இட்டு, அதன்மேல் மெலிந்த குடியின் அறையை மாலையில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் தாளைக் கடித்துத் தள்ளுவதற்குள் இரு குடிகளின் மணமும் கலந்து, சண்டையின்றி ஒன்றாகிவிடும். தாளின் துணுக்குகள் பெட்டி வாயிலில் கிடப்பதைக் கண்டால் வேலை முடிந்தது என்று அறியலாம்.